நான்தான் பர்ச்சேஸ்

"பர்ச்சேஸ் சார்கிட்ட போனைக் குடும்மா" என்பார்கள்.
நான்தான் பர்ச்சேஸ் என்பேன்.
எதிர்முனையில் ஒரு நொடி அமைதி.
அந்த நொடிக்குள்
கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துவிடுவேன்.

மண்டபத்தில், தென்கடல் பக்கம், தகரக்கொட்டகை.
வருஷத்துக்கு முப்பது ஃபைபர் வள்ளம்.
செய்கிறவர்கள் ஒன்பது பேர்.
நான் வாங்குகிறேன்:
சென்னையிலிருந்து ரெசின், கோயம்புத்தூர் மேட்டு,
மதுரைக் கையுறை, ராமநாதபுரத்துப் போல்ட்டு நட்டு,
எதிர்க்கடையில் எல்லாருக்கும் டீ.
அது கணக்கில் 'இதரச் செலவு'.

சித்திரை பிறந்தால் மீன்பிடித் தடை பிறக்கும்.
விசைப்படகெல்லாம் கரையேறும்.
ஓட்டை அடைக்க ஊருக்கே ஒரே வாரத்தில் ரெசின் வேண்டும்.
நானூறு மைல் தள்ளி ஏசி அறையில் இருப்பவனுக்கு
இது எப்படித்தான் தெரியுமோ,
பதினாலாம் தேதி இரவே விலை ஏறிவிடும்.

முதலாளி சீனி இபுராகீம் சொல்வார்:
"மூணு கொட்டேஷன் வாங்கும்மா.
நல்லா வந்தா நம்ம சாமர்த்தியம்.
கெட்டுப்போனா கொட்டேஷனைக் காட்டிக்கலாம்."

அந்த வருஷம் தூத்துக்குடியில் புதிதாக ஒருவன்.
குரலில் அத்தனை பணிவு.
கிலோவுக்குப் பதினொரு ரூபாய் குறைவு,
நாற்பத்தைந்து நாள் கடன்.
ஆறு பேரல், ஆயிரத்து முந்நூற்று இருபது கிலோ.
பதினாலாயிரத்து ஐந்நூற்று இருபது ரூபாய் மிச்சம்.
கால்குலேட்டரில் மூன்று தரம் போட்டுப் பார்த்தேன்.
மூன்று தரமும் அதே தொகை வந்ததில்
எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நம்புவேலின் வள்ளம்தான் முதலில் மோல்டில் ஏறியது.

மறுநாள் நாலு மணிக்குச் சவரிநாயகம் கூப்பிட்டார்.
"வந்து தொட்டுப் பாரு."
கட்டைவிரல் வைத்தேன்.
பதம் தப்பிய கருப்பட்டிப் பாகு மாதிரி
விரலோடு எழும்பி வந்தது.
விலை என்ன என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

இரண்டு நாள் வெயிலில் போட்டோம்.
ஹார்ட்னர் கூட்டினோம்.
கச்சான் காற்று வீச வீச அது நசநசவென்றே கிடந்தது.
தூத்துக்குடிக்காரனுக்குப் போன் போட்டேன்.
"உங்க ஊர் காத்துல ஈரம் மேடம்" என்றான்.
அடுத்த நாள் முதல் ரிங் மட்டும் போனது.

அப்புறம் மூன்று பேர், நாலு நாள்,
மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு
கிரைண்டரால் சுரண்டினார்கள்.
வெள்ளைத் தூசி என் பில் புத்தகம் வரை வந்து உட்கார்ந்தது.
பழைய சென்னைக் கம்பெனிக்கே போன் செய்து
மூன்று பேரல் கெஞ்சி வாங்கினேன்,
ஏறிய விலைக்கு, முன்பணம் கட்டி.
மிச்சப்படுத்தியதைப் போல இரண்டு பங்கு போனது.

முதலாளி ஃபைலை விரித்தார்.
"யாரு வாங்குனது?"

மூன்று கொட்டேஷனும் அதில் வரிசையாகத்தான் இருந்தன.

நான்தான் பர்ச்சேஸ் என்றேன்.
ஒரு நொடி அமைதி.
அந்த நொடியில் யாரும் எதையும் குறைக்கவில்லை.

வள்ளம் பன்னிரண்டு நாள் தாமதமாக இறங்கியது.
நீலம் அடித்து, மூக்கில் சந்தனம் தடவி.
"மோல்டு வேலை கொஞ்சம் இழுத்துருச்சு" என்று
சவரிநாயகம் பொதுவாகச் சொன்னார்.
பன்னிரண்டு நாள் கடலுக்கு என்ன ரேட்டு என்று
நம்புவேல் எங்களிடம் பில் போடவில்லை.
அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை கரையில் பார்த்தேன்.
கூடையில் விளைமீன், கண் இன்னும் கலங்கவில்லை.
விலை சொன்னார்.
வழக்கமாக முதல் விலையில் பாதிக்கு ஆரம்பிக்கிறவள்
பையை நீட்டினேன்.

அவர் தராசைப் பிடித்தபடி
என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன பர்ச்சேஸு,
உடம்பு கிடம்பு சரியில்லையா?"